ஒரு நாள், ஒரு நேரோபோட், நாலரை மைல்: இங்கிலாந்துக் கால்வாயில் முதல்முறை படகோட்டுவோருக்கு

இங்கிலாந்தில் கால்வாய்ப் படகை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. காலையில் போய்க் கையெழுத்துப் போட்டால், அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பல டன் எடையுள்ள எஃகுப் படகின் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இதைக் கேட்டே சிலர் பயந்துபோகிறார்கள். வேறு சிலர் துளியும் பயமில்லாமல் கிளம்பிப்போய் மாட்டிக்கொள்கிறார்கள். நண்பர்களோடு சில கோடைகள் போய்வந்ததை வைத்துச் சொல்கிறேன்: இது யாருக்கும் வரக்கூடிய வேலை, அவசரப்படாமல் இருந்தால் போதும்.

நேரோபோட் என்பது பெயருக்கேற்ற ஒடுக்கமான படகு. அகலம் ஏழு அடிக்கும் சற்றுக் குறைவு, நீளம் 70 அடி வரை போகும். 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரியும் சரக்கும் ஏற்றிப்போக வெட்டிய கால்வாய்களில் பலவற்றின் லாக்குகள், அதாவது படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் கதவு போட்ட தொட்டிகள், ஏழடி அகலம்தான். அதற்கேற்ப அமைந்த அளவு இது. அப்போது கரையில் குதிரை நடந்து கயிற்றால் இழுத்தது. அந்தக் குதிரைப் பாதைதான் இன்றைக்கு நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகும் டோபாத். பழைய பாலங்களின் ஓரத்தில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

எங்கே போவது

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன். பாத் நகரத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரை முழுதாகப் பாருங்கள். யார்க்‌ஷரில் இருக்கும் பிராட்ஃபர்ட் வேறு ஊர், அங்கே போய் இறங்கினால் அந்த நாள் போச்சு.

ரெடிங்குக்கும் பிரிஸ்டலுக்கும் இடையே 87 மைல் ஓடும் இந்த நீர்வழி முழுமையாகத் திறந்தது 1810இல். ரயில் வந்ததும் வியாபாரம் போய், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பல இடங்களில் வறண்டு தூர்ந்து கிடந்தது. தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் விடாமல் உழைத்து மீட்டார்கள். 1990இல் எலிசபெத் ராணி மறுபடி திறந்துவைத்தார். நீங்கள் போகப்போகும் பள்ளத்தாக்குப் பகுதியிலும் தண்ணீர் கசிந்து வறண்டு கிடந்த கால்வாயின் அடியில் கான்கிரீட் போட்டுத்தான் மறுபடி தண்ணீர் விட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்வையே வேறாக இருக்கும். இப்போது பராமரிப்பது கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை.

நான் பரிந்துரைக்கும் பாதை: பிராட்ஃபர்டிலிருந்து ஏவன்கிளிஃப் வரை ஒன்றரை மைல், அங்கிருந்து டண்டாஸ் தொட்டிப்பாலம் வரை சுமார் மூன்று மைல், பிறகு திரும்பி வருவது. நாலரை மைல் தூரத்துக்கு ஒரு நாளா என்று தோன்றும். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு நான்கு மைல். அதைக்கூடத் தொட முடியாது. கட்டி நிற்கும் படகுகளைக் கடக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைக்க வேண்டும், இந்தப் பகுதியிலோ அப்படிப்பட்ட படகுகள் வரிசை வரிசையாக நிற்கும். மணிக்கு இரண்டு மைல் என்று கணக்குப் போடுங்கள். போக இரண்டேகால் மணி, வர இரண்டேகால் மணி, நடுவில் சாப்பாடு. நாள் சரியாக நிறைந்துவிடும்.

முதல் தடவை நாங்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. பாத் வரை போய்த் திரும்பிவிடலாம் என்று நினைத்தோம். போக வர கிட்டத்தட்ட 20 மைல். பத்தரை மணிக்கே நேரம் போதாது என்று புரிந்துவிட்டது, இன்ஜினை முறுக்கினோம். கரையில் கட்டியிருந்த ஒரு படகைக் கடந்தபோது எங்கள் அலையில் அது கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடியது. உள்ளிருந்து வயதான ஒரு பெண்மணி வெளியே வந்தார். திட்டவில்லை. உடைந்த கோப்பையை எங்களுக்குத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கரையோரம் நிற்கும் படகுகளில் பல மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே வேகத்தைக் குறைத்தோம், பாத் போகும் எண்ணத்தையும் விட்டோம்.

பதிவு செய்யும் முன்

ஒருநாள் படகுகளை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எடுக்கலாம். வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் விலை ஏறும், இடமும் சீக்கிரம் போய்விடும். முடிந்தால் செவ்வாய், புதன் போலப் பாருங்கள். கால்வாயும் காலியாக இருக்கும். பெரும்பாலான படகுகளில் 12 பேருக்கு மேல் ஏற விடமாட்டார்கள். வசதியாக உட்கார வேண்டுமென்றால் ஆறிலிருந்து எட்டுப் பேர்.

போனில் மறக்காமல் கேட்க வேண்டியவை: டீசல் வாடகையில் அடங்குமா, முன்பணம் எவ்வளவு, சேதம் ஆனால் நாம் எவ்வளவு கட்ட வேண்டும், கழிப்பறை இருக்கிறதா, குழந்தை அளவில் உயிர்காப்பு உடை உண்டா. இன்னொன்று ரொம்ப முக்கியம்: ஒருநாள் படகை லாக் வழியாகக் கொண்டுபோக அனுமதிப்பார்களா? சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. பிராட்ஃபர்டில் ஒரு லாக் இருக்கிறது. படகு அதற்குக் கீழே நின்றால் டண்டாஸ் வரை லாக்கே கிடையாது. மேலே நின்றால் நாளின் முதல் வேலையே லாக்தான். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் கீழே நிற்கும் படகைத் தேடுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் லாக்கைத் தவறவிடாதீர்கள்.

உடை: தட்டையான, வழுக்காத செருப்பு அல்லது ஷூ, மழைக்கோட்டு, வெயில் நாளிலும் ஒரு ஸ்வெட்டர். பின்னால் நின்று ஓட்டுபவருக்கு அசைவே இருக்காது, ஜூலையிலும் குளிரும். சாப்பாட்டுக்குப் பெரிய திட்டம் வேண்டாம். புளியோதரை, தயிர்சாதம், வறுவல், உருளைக்கிழங்கு போண்டா என்று கையில் எடுத்துச் சாப்பிடுவதாக இருக்கட்டும். டீ மட்டும் ஓயாமல் போட்டுக்கொண்டே இருங்கள். ஓட்டுபவருக்கு மதுபானம் கூடாது. கார் ஓட்டுபவருக்குச் சொல்வதையே இங்கும் சொல்லுங்கள்.

படகை வாங்கிக்கொள்ளும்போது

சொல்லிக்கொடுப்பவர் வேகமாகப் பேசுவார். ஒருவர் கேட்கட்டும், இன்னொருவர் போனில் படம் பிடிக்கட்டும். இன்ஜினைப் போடுவது, நிறுத்துவது, ஹாரன் எங்கே, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எது என்று நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். பிறகு பொருள்களை எண்ணுங்கள்: நீளக் கழி, கொக்கி, கரையில் அடிக்கும் இரும்பு முளைகள், சுத்தியல், லாக் திறக்க வேண்டிய விண்ட்லஸ் இரண்டு. விண்ட்லஸ் என்பது எல் எழுத்து வடிவிலான கனத்த கைப்பிடி. தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும், அதனால் இரண்டு வேண்டும்.

வீட் ஹேட்ச் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். பின்பக்கம், ப்ரொப்பெல்லருக்கு நேர்மேலே இருக்கும் மூடி அது. கால்வாயில் பிளாஸ்டிக் பையோ பழைய துணியோ ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் அதன் வழியாகத்தான் கையை விட்டு எடுக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் அந்த மூடியைத் தொடலாம். எத்தனை அவசரம் என்றாலும் இந்த வரிசை மாறக்கூடாது.

சுக்கான்

பின்பக்கம் நின்றுகொண்டு ஒரு நீண்ட சுக்கான் கையைப் பிடித்து ஓட்ட வேண்டும். கையை இடது பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலது பக்கம் போகும். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் குழப்பம்தான். எனக்கு உதவிய ஒரு வழி: எதன்மீது மோதப்போகிறோமோ அதை நோக்கிச் சுக்கான் கையைத் தள்ளு. மூக்கு அதிலிருந்து விலகிவிடும்.

படகு காரைப் போல முன்னால் திரும்பாது, தன் நடுவை அச்சாக வைத்துச் சுழலும். மூக்கு வலப்பக்கம் போனால் பின்பக்கம் இடப்பக்கம் வீசும். கரையை விட்டுக் கிளம்பும்போது பின்பக்கம் சுவரில் உரசுவது இதனால்தான். நீங்கள் சுக்கானைத் தள்ளியதும் ஒன்றும் நடக்காது. இரண்டு மூன்று விநாடி கழித்து மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்கும். புதியவர்கள் அதற்குள் பொறுமையிழந்து இன்னும் தள்ளுவார்கள், அப்புறம் மறுபக்கம் தள்ளுவார்கள், படகு பாம்பு போல வளைந்து வளைந்து போகும். கொஞ்சமாகத் தள்ளுங்கள், காத்திருங்கள், மூக்கு திரும்பத் தொடங்கியதும் கையை நேராக்கிவிடுங்கள்.

பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் ரிவர்ஸ் போட வேண்டும், ரிவர்ஸில் சுக்கான் அநேகமாக வேலை செய்யாது. நியூட்ரலில் மிதக்கும்போதும் அப்படித்தான். ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கான் பலகையில் பட்டால்தான் படகு உங்கள் பேச்சைக் கேட்கும். ஆகவே பயம் வந்ததும் கியரை எடுத்துவிடாதீர்கள். குறைந்த வேகத்தில் முன்னோக்கி ஓடவிட்டபடியே திருப்புங்கள்.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். இங்கிலாந்துச் சாலைக்கு நேர் எதிர். ஆனால் தூரத்தில் பார்த்ததுமே கரைக்கு ஓடிவிடாதீர்கள். கால்வாயின் நடுவில்தான் ஆழம், ஓரத்தில் சேறு. நடுவிலேயே வந்து, நெருங்கியதும் மெல்ல ஒதுங்கி, கடந்ததும் மறுபடி நடுவுக்கு வாருங்கள். சேற்றில் ஏறிவிட்டால் முன்னால் முறுக்காதீர்கள், இன்னும் புதையும். ரிவர்ஸில் வந்த வழியே இழுங்கள். அசையாவிட்டால் எல்லோரும் ஆழமான பக்கம் நகர்ந்து நில்லுங்கள், ஒருவர் கழியால் தள்ளட்டும்.

மோதப்போகிறது என்றால் மோதட்டும். கையையோ காலையோ நடுவில் கொடுத்துத் தடுக்க நினைக்காதீர்கள். பல டன் எஃகுக்கும் கற்சுவருக்கும் நடுவில் எலும்பு நிற்காது. எஃகுப் படகு மெதுவான இடியைத் தாங்கும். குழந்தைகளுக்கு இதைக் கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாலத்துக்கு அடியில் போகும்போது கூரைமேல் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதையும்.

யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். விழுந்தவரை நோக்கி ரிவர்ஸ் வரவே கூடாது, ப்ரொப்பெல்லர் அங்கேதான் சுற்றுகிறது. பல இடங்களில் இடுப்பளவு, மார்பளவுதான் தண்ணீர், "எழுந்து நில்லு" என்று கத்தினாலே போதும். நீங்களும் குதிக்காதீர்கள், கயிறோ கழியோ நீட்டுங்கள்.

லாக்

இரண்டு வேறுபட்ட நீர்மட்டங்களுக்கு இடையே, கதவுகள் போட்ட ஒரு கல்தொட்டிதான் லாக். அதில் தண்ணீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. உங்கள் கையும் தண்ணீரின் எடையும் செய்யும் வேலை அது. தண்ணீரைத் திறந்துவிடும் சின்ன மதகுகளை இங்கே பேடில் என்பார்கள். விண்ட்லஸை மாட்டிச் சுற்றினால் அவை உயரும். பிராட்ஃபர்ட் லாக்கில் படகு சுமார் 12 அடி இறங்கும். ஒரு தடவை வடித்தால் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போகிறது. அகலம் 14 அடி, அதனால் இரண்டு நேரோபோட்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். பின்னால் யாராவது வந்தால் காத்திருந்து சேர்ந்து போங்கள். தண்ணீர் மிச்சம், பெரும்பாலும் அவர்கள் அனுபவசாலிகள்.

கீழே இறங்கும்போது செய்ய வேண்டியவை:

1. லாக்குக்கு முன்பே படகைக் கரையில் நிறுத்தி, இரண்டு பேர் விண்ட்லஸோடு இறங்குங்கள். இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது.
2. கீழ்க்கதவுகளும் அவற்றின் மதகுகளும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். லாக் காலியாக இருந்தால் மேல் மதகைத் திறந்து நிரப்புங்கள். கீழிருந்து வேறு படகு வருகிறதென்றால் முதலில் அதற்கு வழி.
3. இரு பக்க மட்டமும் சமமானதும் மேல்கதவு திறக்கும். கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்துக் காலால் தரையை உந்துங்கள். மட்டம் சமமாகும் வரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. சமமானதும் தானாகவே இளகிக் கொடுக்கும்.
4. படகு உள்ளே வந்ததும் மேல்கதவையும் மேல் மதகையும் மூடுங்கள்.
5. இப்போது சுவரில் வெள்ளைக் கோடு ஒன்றைத் தேடுங்கள். மேல்கதவுக்கு அடியில், தண்ணீருக்குள் ஒரு கற்படி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு சில் என்று பெயர். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.
6. கீழ் மதகைக் கொஞ்சமாகத் திறங்கள், படகைப் பாருங்கள், பிறகு முழுதாகத் திறங்கள்.
7. மட்டம் சமமானதும் கீழ்க்கதவைத் திறந்து வெளியே வந்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு வாருங்கள்.

ஐந்தாவதை இன்னொரு முறை படியுங்கள். தண்ணீர் இறங்கும்போது பின்பக்கம் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டால் மூக்கு மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கும். படகு சாய்ந்து சில நிமிடங்களில் மூழ்கிவிடும். அப்படி மாட்டியது தெரிந்தால் கீழ் மதகுகளை உடனே மூடி, பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்து மறுபடி மிதக்கவிட வேண்டும். அதனால் மதகுக்குப் பக்கத்தில் நிற்பவர் அரட்டையில் இருக்கக் கூடாது. ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். கயிற்றை முடிச்சுப் போட்டும் கட்டிவிடாதீர்கள். தூணில் ஒரு சுற்று சுற்றிக் கையில் பிடித்து, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள்.

மாலையில் ஏறி வரும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். இறங்குவதைவிட ஏறுவதில்தான் படகு முரண்டு பிடிக்கும். மேலிருந்து பாயும் தண்ணீர் அதை முன்னும் பின்னும் இழுக்கும். தரையோரம் இருக்கும் மதகை முதலில், அதுவும் பாதி மட்டும் திறங்கள். கதவிலேயே இருக்கும் மதகைக் கடைசியில் தொடுங்கள். முன்னாலேயே திறந்தால் தண்ணீர் படகின் மூக்குக்குள் கொட்டும். சுற்றி முடித்ததும் விண்ட்லஸைக் கையோடு கழற்றிவிடுங்கள். உயர்த்திய மதகைப் பிடித்து நிறுத்தும் அடைப்பான் நழுவினால் அது சுழன்று கையையோ முகத்தையோ பெயர்த்துவிடும்.

கோடையில் தன்னார்வலர்கள் லாக்கருகே நின்று உதவுவார்கள். "இது எங்களுக்கு முதல் தடவை" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு மேல் தண்ணீர்

லாக்கைத் தாண்டியதும் இடப்பக்கம் காடு, வலப்பக்கம் பள்ளத்தாக்கு, கீழே ஏவன் ஆறு. கொஞ்ச நேரத்தில் ஏவன்கிளிஃப். இங்கே கால்வாய் செங்கோணமாகத் திரும்பி ஆற்றையும் ரயில்பாதையையும் ஒரு தொட்டிப்பாலத்தின் மேல், அதாவது கால்வாய்த் தண்ணீரையே சுமந்து நிற்கும் பாலத்தின் மேல், கடக்கிறது. குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் நடந்து போவோம், இங்கே அந்தத் தண்ணீரிலேயே படகில் போகிறோம். நடு வளைவு கட்டிய சில காலத்திலேயே தொய்ந்துவிட்டது, கரையில் இறங்கிப் பார்த்தால் இன்றும் தெரியும். திருப்பத்துக்கு முன் ஹாரனை நீளமாக அடியுங்கள், ஒருவரை மூக்கில் நிற்கவைத்து எதிரே பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு படகு இருந்தால் அது வந்து முடியட்டும்.

ஏவன்கிளிஃபில் ஒரு குட்டி ரயில் நிறுத்தமும் உண்டு. காலையில் தாமதமாகும் நண்பர் இங்கே வந்து ஏறிக்கொள்ளலாம். கை காட்டினால்தான் ரயில் நிற்கும், இறங்குவதென்றால் முன்கூட்டியே கார்டிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த மூன்று மைலுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. ஆளுக்குக் கால் மணி நேரம் சுக்கானைக் கொடுங்கள். கரையில் இறங்கி டோபாத்தில் நடந்தாலே படகை முந்திவிடலாம். மீன் பிடிப்பவர்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து நடுவிலேயே போங்கள், அவர்கள் தூண்டிலைத் தூக்கிக்கொள்வார்கள். ஒரு கையசைப்பு, ஒரு நன்றி போதும்.

டண்டாஸ் தொட்டிப்பாலம் ஜான் ரென்னி என்ற பொறியாளர் கட்டியது, 1805இல் முடிந்தது. பெயர், கால்வாய் நிறுவனத்தின் முதல் தலைவர் சார்ல்ஸ் டண்டாஸுடையது. மூன்று வளைவுகள், பாத் பகுதியின் தேன்நிறக் கல். நடு வளைவு மட்டும் 64 அடி. பாலத்தைத் தாண்டியதும் வரும் அகலமான இடத்தில் படகைத் திருப்பலாம். மூக்கைக் கரையை நோக்கி மெல்லக் கொண்டுபோய், சுக்கானை ஒரு பக்கம் முழுதாகத் தள்ளி, சின்னச் சின்னதாக முன்னோக்கி விசை கொடுங்கள். பின்பக்கம் வட்டமடிக்கும். போதாவிட்டால் கொஞ்சம் ரிவர்ஸ், மறுபடி முன்னால். மற்ற இடங்களில் இதற்கென்றே கரையில் குடைந்த அகலமான வளைவுகள் இருக்கும், வரைபடத்தில் பார்க்கலாம். உங்கள் படகின் நீளத்தைவிட அது பெரிதா என்று மட்டும் கவனியுங்கள்.

கட்டிச் சாப்பிடுவது

கரைகட்ட, டோபாத் பக்கம் சாய்வாக மெதுவாக வாருங்கள். மூக்கு கரையைத் தொடும்போது ரிவர்ஸ் கொடுத்து நிறுத்துங்கள். நடுக்கயிற்றோடு ஒருவர் இறங்கிப் பிடித்துக்கொள்ளட்டும், பிறகு முன்னாலும் பின்னாலும் கட்டுங்கள். இரும்பு வளையம் இல்லாத இடத்தில் முளை அடிக்க வேண்டும்: கரையின் ஓரத்துக்கு அருகில், படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து. கயிறு பாதையின் குறுக்கே போகக்கூடாது, சைக்கிள்காரர் விழுவார். முளையின் தலையில் வெள்ளையாக எதையாவது கட்டுங்கள். லாக் வாசல், தண்ணீர் பிடிக்கும் குழாய், பாலத்தடி, திருப்பம் ஆகிய இடங்களில் கட்டாதீர்கள்.

சாப்பிடும் முன் கையைச் சோப்பால் கழுவுங்கள். எலிச் சிறுநீர் வழியாகக் காய்ச்சல் வரக்கூடிய தண்ணீர் இது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கிளம்பும் முன்பே பிளாஸ்திரி போட்டுவிடுங்கள்.

திரும்புதல்

இரண்டரை மணிக்குள் டண்டாஸைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். படகை ஒப்படைக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்ச் சேர்வதாகக் கணக்கு வையுங்கள். மாலையில் லாக் வாசலில் இரண்டு மூன்று படகுகள் காத்திருக்கும். இருட்டிய பிறகு வாடகைப் படகை ஓட்டக்கூடாது.

குப்பையை எடுத்து, பாத்திரத்தைக் கழுவி, தரையைத் துடைத்துவிட்டு விண்ட்லஸ்களை எண்ணிக் கொடுங்கள். யாராவது ஒருவருடைய பைக்குள் ஒன்று போயிருக்கும், தேடிப் பாருங்கள். ரயிலுக்கு நேரமிருந்தால் டோபாத்திலிருந்து சற்றே இறங்கினால் 14ஆம் நூற்றாண்டுத் தானியக் கொட்டாரம் ஒன்று இருக்கிறது. உள்ளே நின்று அண்ணாந்து அதன் மரக் கூரையைப் பாருங்கள். அங்கிருந்து ஆற்றோரமாகவே நடந்தால் ரயில் நிலையம்.